ஜவ்வு பிதுங்கியிருக்கிறதா? முதலில் கால்விரலைப் பாருங்கள்

இதைப் படிக்கிற நேரத்தில் நீங்கள் வலியோடு இருக்கலாம். அதனால் காத்திருக்கவே கூடாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலியோடு சேர்ந்து சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கசிந்தாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, இரண்டு கால்களும் சேர்ந்து பலம் இழந்தாலோ மேலே படிக்க வேண்டாம். ஆசனவாயைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் தொடையின் உள்பக்கத்திலும் உணர்ச்சி மரத்துப் போயிருந்தாலும் அதே பேச்சுதான். கழுவும்போது கை படுவதே தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். இரவு எத்தனை மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது என்பதற்கான அறிகுறிகள் இவை. இங்கே மணிக்கணக்குதான் கணக்கு. நாள்கணக்கில் தள்ளிப்போட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போய்விடலாம். நல்லவேளையாக இது அரிது.

காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, படுத்தாலும் விடாத இரவு வலி என்றால் அது ஜவ்வாக இல்லாமலும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை இவையும்.

இதில் எதுவும் இல்லையா? சரி, இனி நிதானமாகப் பேசலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

விலகுவது எது?

"ஜவ்வு விலகிவிட்டது" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஸ்லிப் டிஸ்க் என்ற பெயரும் அதே படத்தைத்தான் மனதில் வரைகிறது, அடுக்கி வைத்த காசுகளில் ஒன்று நழுவி வெளியே வந்தது போல. அந்தப் படம் மனதில் நின்றுவிட்டால் இரண்டு தவறுகள் நடக்கும். அசைந்தால் இன்னும் நழுவும் என்று பயந்து படுத்தே கிடப்போம். இல்லையென்றால் யாராவது தட்டி உள்ளே தள்ளிவிட மாட்டார்களா என்று தேடி அலைவோம். உண்மையில், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு அப்படி நழுவ முடியாது. மேலேயும் கீழேயும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது.

கழுத்திலிருந்து இடுப்புவரை 23 ஜவ்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே கெட்டியான நார்வளையம், 15 முதல் 25 அடுக்குகளாக. ஒரு அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாயும், பாய் முடைந்தது போல. நடுவில் நீர் செறிந்த கூழ். பகல் முழுக்க நம் எடையைத் தாங்குகிற கூழிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. இரவு படுத்ததும் மறுபடி ஊறுகிறது. மாலையில் இருப்பதைவிட காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எதையும் தூக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். ஊறிப் பருத்திருக்கும் ஜவ்வில் குனியும்போது அழுத்தம் கூடுதலாக விழும்.

வயது ஏற ஏறக் கூழ் வற்றும், நார்வளையத்தில் கீறல் விழும். இரண்டும் ஒன்றாக அமைகிற வயதுதான் சிக்கல். முப்பதிலிருந்து ஐம்பது வரை வளையம் கீறத் தொடங்கியிருக்கும், ஆனால் கூழ் இன்னும் பிதுங்குகிற அளவுக்கு ஈரமாகவே இருக்கும். இந்த நோய் அந்த வயதில் அதிகம் வருவது அதனால்தான். கீறல் வழியே கூழ் பின்பக்கமாகப் பிதுங்கினால் அங்கே நரம்பு வேர் இருக்கிறது. கால்வலிக்கும் இந்தப் பிதுக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1934ல்தான் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரண்டு மருத்துவர்கள் தெளிவாக நிறுவினார்கள். அதுவரை அறுவையில் கிடைத்த இதே துண்டுகளைக் கட்டி என்று நினைத்து வந்தார்கள்.

நரம்பு வலிப்பதற்கு நசுங்குவது மட்டும் காரணம் இல்லை. கூழ் வெளியே வந்ததும் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பில் சுரக்கும் ரசாயனங்கள் நரம்பு வேரைப் புண்ணாக்குகின்றன. படத்தில் சின்னதாகத் தெரியும் பிதுக்கம் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்வதும், பெரிய பிதுக்கத்தோடு இன்னொருவர் சாதாரணமாக நடமாடுவதும் இதனால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டைப் பேசும்போது தேவைப்படும்.

முதல் வேலை: வலி எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் இரண்டு கால் வரைந்து, வலி போகும் பாதையையும் மரத்துப்போன இடத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். மருத்துவருக்கு இந்தத் தாள் பெரிய உதவி. இடுப்பில் மட்டும் வலி, முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் நரம்பு வேர் மாட்டவில்லை. புட்டத்தில் தொடங்கி தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம்வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுள்ளென்று இழுத்தால் அது சயாட்டிகா. இருமினாலோ தும்மினாலோ காலில் வலி தெறிக்கும். இடுப்புப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான், அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று ரிப்போர்ட்டில் எழுதுகிற இடங்களில். எல் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் என்பது அதற்குக் கீழே உள்ள திருவெலும்பு; அங்கிருந்து வெளியேறும் நரம்புகளுக்கும் அதே பெயர்தான்.

எந்த நரம்பு என்று விரல்களே சொல்லும். பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் மரத்தால் அது எல்5. பாதத்தின் வெளி விளிம்பும் சுண்டுவிரலும் என்றால் எஸ்1. முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் என்றால் எல்4. எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கினால் பொதுவாக அழுத்தப்படுவது எல்5 நரம்பு, எல்4 இல்லை. எல்4 நரம்பு அந்த ஜவ்வு வருவதற்கு முன்பே வெளியேறிவிடும். அடுத்து வெளியேற இறங்கிக்கொண்டிருக்கும் வேர்தான் மாட்டுகிறது.

இப்போது பலத்தைப் பாருங்கள். மரப்பைவிட முக்கியம் இது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு குதிகால்களையும் தரையில் ஊன்றி, கட்டைவிரல்களை மேலே தூக்குங்கள். இன்னொருவர் தன் விரலால் இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்தட்டும். நல்ல பக்கம் கல் மாதிரி நிற்கும். நரம்பு மாட்டிய பக்கம் மெதுவாகத் தழைந்துவிடும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தெரிகிற அளவுக்குக்கூட இருக்கலாம். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். கடைசியாக, ஒற்றைக்காலில் நின்று நுனிக்காலில் பத்து முறை எழும்புங்கள். நல்ல காலில் பத்தும் வந்து, வலிக்கும் காலில் நான்காவதிலேயே குதிகால் எழும்ப மறுத்தால் எஸ்1 நரம்பு பலம் இழந்திருக்கிறது. வலியால் எழும்ப முடியாமல் போவது வேறு, வலியே இல்லாமல் எழும்ப மறுப்பது வேறு. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது.

பாதத்தைத் தூக்கவே முடியாமல் நடக்கும்போது தரையில் தேய்ந்தாலோ, பலக்குறைவு நாளுக்கு நாள் கூடினாலோ வாரக்கணக்கில் பொறுக்க வேண்டாம். ஓரிரு நாளில் முதுகெலும்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்.

எனக்கு இடது பக்கம் எல்5-எஸ்1. முதன்முதலில் பார்க்கப் போனபோது, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலை அழுத்தி, முழங்காலையும் கணுக்காலையும் சின்னச் சுத்தியலால் தட்டி, படுக்க வைத்து முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்க்கிற மருத்துவரை நம்புங்கள். காலை 30 முதல் 70 டிகிரிக்குள் தூக்கும்போது முழங்காலுக்குக் கீழே வலி இழுத்தால் நரம்பு வேர் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடப் பரிசோதனைதான், ஸ்கேன் சொல்லாததை எல்லாம் சொல்லும்.

ஸ்கேன் எப்போது, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

ஆபத்து அறிகுறியோ பலக்குறைவோ இல்லையென்றால் முதல் ஆறு வாரங்களுக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதில்லை. முடிவு என்னவாக இருந்தாலும் அந்த ஆறு வாரச் சிகிச்சை ஒன்றுதான். சாதாரண எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியவே தெரியாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? பெரும்பாலும் வீட்டில் எல்லோரையும் கலங்கடிப்பது அந்த ரிப்போர்ட்டின் மொழிதான். 'டெசிகேஷன்' என்றால் ஜவ்வு வற்றியிருக்கிறது. தலை நரைப்பது போன்றது. 'பல்ஜ்' என்றால் வளையம் கிழியாமல் சுற்றிலும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. 'புரோட்ரூஷன்' என்றால் ஓரிடத்தில் மட்டும் பிதுக்கம், அடிப்பகுதி அகலம். 'எக்ஸ்ட்ரூஷன்' என்றால் கூழ் வளையத்தைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. 'சீக்வெஸ்ட்ரேஷன்' என்றால் வந்த துண்டு தனியே பிரிந்துவிட்டது. 'இன்டென்டிங் தீக்கல் சாக்' என்று பார்த்ததும் நரம்பு நசுங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். நரம்புகளைச் சுமக்கும் நீர்ப்பையின் ஓரத்தில் ஜவ்வு தொடுகிறது, அவ்வளவுதான். உள்ளே நரம்புகளுக்குப் பெரும்பாலும் தாராளமாக இடம் இருக்கும். நீங்கள் தேட வேண்டிய சொல் 'நெர்வ் ரூட் கம்ப்ரெஷன்'. அது எந்தப் பக்கம், எந்த நரம்பு என்று பார்த்து உங்கள் தாளில் வரைந்த காலோடு ஒப்பிடுங்கள். ரிப்போர்ட் வலது பக்கம் என்று சொல்லி உங்களுக்கு இடது கால் வலித்தால், அந்தப் பிதுக்கம் உங்கள் வலிக்குக் காரணம் இல்லை.

ஒப்பிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வில் உப்பல் இருந்தது. எந்த வலியும் இல்லாமல்! உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று இடங்களில் பல்ஜ் என்று எழுதியிருந்தால், அதில் எத்தனை பல வருடங்களாக உங்களோடு அமைதியாக வாழ்ந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு வாரம்

படுக்கை ஓய்வு ஒன்று அல்லது இரண்டு நாள் போதும். அதற்கு மேல் படுத்தால் தசை தளரும், வலி குறையாது. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கும்படி பத்து நிமிடம் இருந்து பாருங்கள். பலருக்கு அந்த ஒரு நிலையில்தான் மூச்சு விட முடியும். தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்திருப்பதைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள், நாளைக்குப் பத்து முறை செய்யப் போகிறீர்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழும்பாதீர்கள். முழங்கால்களை மடியுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, உருளுகிற மரக்கட்டை மாதிரி, பக்கவாட்டில் உருளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கால் இறங்கும் எடையோடு சேர்த்துக் கையால் மெத்தையைத் தள்ளி எழுந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். முதல் வாரத்தில் முகம் கழுவக் குனிவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, ஒரு காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து முன்னே சாயப் பழகியதும் தாங்க முடிந்தது.

நடை, சமதரையில், ஐந்து ஐந்து நிமிடமாக நாளில் பல முறை. உட்கார்ந்தால் வலி கூடுகிறவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். முக்காமல் மலம் கழிய வேண்டும், முக்கினால் ஜவ்வில் அழுத்தம் ஏறும். வீரியமான வலிமாத்திரைகள் சில மலச்சிக்கலைக் கொடுக்கும் என்பதையும் கவனியுங்கள். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் உதவலாம், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, இதயநோய், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. நரம்புவலிக்கு என்று கொடுக்கப்படும் பிரிகாபலின், 2017ல் வெளியான ஒரு ஆய்வில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசிக் குறையுங்கள்.

இடுப்பு பெல்ட் பயணத்துக்கோ கடினமான ஒரு நாளுக்கோ சரி. நாள் முழுக்க, மாதக்கணக்கில் வேண்டாம். உருவி, இழுத்து, முறித்துச் சரிசெய்வதாகச் சொல்பவர்களிடம், குறிப்பாகப் பலக்குறைவோ மரப்போ இருக்கும்போது, தயவுசெய்து போகாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு திசைகாட்டி

1956ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் கால்வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த சிகிச்சைக் கட்டிலில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக வளைந்தபடி சில நிமிடம் கிடந்து எழுந்தபோது காலில் இருந்த வலி போய்விட்டிருந்தது. அதிலிருந்து மெக்கன்சி கவனித்து எடுத்த விதி இன்றும் பயன்படுகிறது: வலி பாதத்திலிருந்து மேலேறி இடுப்பை நோக்கிச் சுருங்கினால் நல்லது, அப்போது இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் சரி. வலி இடுப்பிலிருந்து காலை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது.

குப்புறப் படுங்கள். இரண்டு நிமிடம் கழித்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்குங்கள், இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். முப்பது வினாடி. பாதத்தில் இருந்த குடைச்சல் கெண்டைக்கால்வரை சுருங்கினால் சரியான திசையில் போகிறீர்கள்; நாளில் சில முறை செய்யலாம். பாதம்வரை புதிதாக இறங்கினால் அப்போதே நிறுத்துங்கள். தண்டுவடக் குழாய் குறுகிய வயதானவர்களுக்கு இப்படிப் பின்னால் வளைவது பெரும்பாலும் வலியைக் கூட்டும், அவர்களுக்குக் குனிவதுதான் சுகம். ஆகவே காணொளியில் பார்த்த பத்துப் பயிற்சிகளை வரிசையாகச் செய்வதைவிட, ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் உங்கள் திசையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் இரண்டு பயிற்சிகள் மேல்.

காத்திருப்பது வீண் இல்லை

பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கால்வலி நன்றாகக் குறைகிறது. அதற்கு வெறும் பொறுமை காரணம் இல்லை. உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியே வந்த கூழை உண்டு கரைக்கின்றன. முழுதாக வெளியே வந்தவைதான் அதிகமாகக் கரைகின்றன. 2015ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில் தனியே பிரிந்த துண்டுகளில் 96 சதவீதமும், எக்ஸ்ட்ரூஷனில் 70 சதவீதமும், புரோட்ரூஷனில் 41 சதவீதமும், வெறும் பல்ஜில் 13 சதவீதமும் தானாகச் சுருங்கியிருந்தன. 'எக்ஸ்ட்ரூஷன்' என்ற சொல்லைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவரிடம் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வலி தாங்க முடியாமல் ஆறு வாரம் தாண்டிவிட்டால் நரம்பு வேரருகே போடும் ஸ்டீராய்டு ஊசி ஒரு வழி. சில வாரங்களுக்கு வலியைத் தணித்து நடக்கவும் பயிற்சி செய்யவும் இடம் கொடுக்கும், பிதுக்கத்தை எடுக்காது.

அறுவை பற்றி நேர்மையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் சயாட்டிகாவோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே அறுவை செய்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். 2007ல் முடிவு வந்தது. அறுவை செய்தவர்கள் ஏறக்குறைய 4 வாரத்தில் தேறினார்கள், மற்றவர்களுக்கு 12 வாரம் ஆனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆனால் காத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் அறுவைக்குப் போய்விட்டார்கள், தாங்க முடியாமல். ஆகவே பலக்குறைவு கூடாதவரை அவசரம் இல்லை. வலி உங்கள் வாழ்க்கையை முடக்கினால் அறுவையைத் தேர்ந்தெடுப்பது தோல்வியும் இல்லை. பிதுங்கிய துண்டை மட்டும் சின்ன வெட்டு வழியே எடுப்பதுதான் மைக்ரோடிஸ்கெக்டமி. அது கால்வலிக்குச் செய்வது. இடுப்பு வலிக்கு மட்டும் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன், எந்த நரம்புக்காகச் செய்கிறீர்கள், என் காலில் அந்த நரம்பின் அறிகுறி இருக்கிறதா, அதே இடத்தில் மறுபடி பிதுங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

கழுத்து ஜவ்வுக்கும் இதே கதைதான், காலுக்குப் பதில் கை. கட்டைவிரல் மரத்தால் சி6 என்ற கழுத்து நரம்பு, நடுவிரல் என்றால் சி7. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கழுத்தில் ஓடுவது தண்டுவடமே. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, எழுத்து மாறிப்போனாலோ, நடக்கும்போது கால் விறைத்துத் தள்ளாடினாலோ, வலி இல்லாவிட்டாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

வலி போன பிறகும் மரப்பு பல மாதம் தங்கலாம். நரம்பு மெதுவாகத்தான் தேறும். சுண்டுவிரல் பக்கம் செருப்பு நழுவுவது தெரியாமல் எனக்கு அது வெகுநாள் நீடித்தது. அதற்காகப் பயப்பட வேண்டாம், பலம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். தினமும் மாலையில் அதே சுவரைப் பிடித்து, அதே காலில், நுனிக்காலில் எத்தனை முறை எழும்ப முடிந்தது என்று எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். ஐந்து ஏழாகி, ஏழு பத்தானால் நரம்பு திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏழு நான்கானால் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.